இரட்டைக் கணிதம் யாருக்கு?

இங்கிலாந்தில் பதினாறு வயதோடு கணக்கைக் கைகழுவிவிடலாம். ஜி.சி.எஸ்.இ. தேர்வில் 4 என்ற தரம் கிடைத்துவிட்டால், அதன்பிறகு ஒரு சமன்பாட்டையும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதே நாட்டில், அதே வயதில், கணிதத்தையே இரண்டு தனிப் பாடங்களாக எடுத்துக்கொண்டு வாரத்துக்குப் பத்து மணி நேரம் வரை அதில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் முதல் பாடம் ஏ லெவல் கணிதம். இரண்டாவது பாடம் 'ஃபர்தர் மேத்தமேடிக்ஸ்'. அதை மேற்கணிதம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். மாணவர் பேச்சில் இரண்டும் சேர்ந்து 'டபுள் மேத்ஸ்'.

2024 கோடையில் பிரிட்டனில் ஏ லெவல் கணிதம் எழுதியவர்களின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு லட்சத்தைத் தாண்டியது. மேற்கணிதம் எழுதியவர்கள் சுமார் 18 ஆயிரம். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். அந்த ஒருவர் யார் என்பதைத் திறமைதான் முடிவுசெய்கிறது என்று பெற்றோர்கள் நம்புகிறார்கள். பிள்ளை பதினாறு வயதில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைகிறது, அங்கே கூடப் படிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கும் அந்த முடிவில் அதே அளவு பங்கு உண்டு என்பது என் வாதம்.

முதலில் பாடத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் கணிதப் பிரிவு படித்தவருக்கு இதில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஏ லெவல் கணிதத்தில் கலப்பெண்கள் இல்லை. அணிகள் இல்லை. கணிதத் தொகுத்தறிதல் இல்லை. வகைக்கெழுச் சமன்பாடுகளில் மாறிகளைப் பிரித்துத் தீர்க்கும் எளிய வகை மட்டுமே உண்டு. எஞ்சியவை எல்லாம் மேற்கணிதத்தின் பங்கு. அதாவது, தமிழ்நாட்டுக் கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பிரிவு எடுத்த பிள்ளைக்குப் பாடநூலிலேயே வந்துசேரும் அதிகாரங்களை இங்கிலாந்துப் பிள்ளை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்ட இடத்தில் அது இல்லாமலும் போகலாம். ஆழத்திலும் கேள்வி கேட்கும் முறையிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அது வேறு கதை.

2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இப்போதைய திட்டத்தில், மேற்கணிதத்தின் பாதி எல்லோருக்கும் பொது: கலப்பெண்கள், அணிகள், துருவ ஆயத்தொலைவுகள், அதிபரவளையச் சார்புகள், இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள். மறுபாதியை இயக்கவியல், புள்ளியியல், கூடுதல் தூய கணிதம், வலையமைப்புகளையும் படிமுறைகளையும் பேசும் முடிவெடுப்புக் கணிதம் ஆகியவற்றிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். தேர்வது மாணவர் என்று சொல்கிறது பாடத்திட்டம். எதை நடத்த ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே தேர்வு என்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடப்பு.

இந்தப் பாடத்தின் அருமை அதன் பகுதிகள் ஒன்றையொன்று தேடி வந்து சேரும் விதத்தில் இருக்கிறது. முதல் பருவத்தில் கலப்பெண் அறிமுகமாகும்போது, −1க்கு வர்க்கமூலம் உண்டென்று வைத்துக்கொள்வோம் என்று ஆசிரியர் சொல்வது ஒரு விளையாட்டைப் போலத்தான் தோன்றும். ஓராண்டு கழித்து, சுருள்வில்லில் தொங்கும் ஓர் எடை எண்ணெய்க்குள் ஆடுவதைப் பற்றிய சமன்பாடு வருகிறது. அதைத் தீர்க்க ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் காண வேண்டும். மூலங்கள் மெய்யெண்களாக வந்தால் எடை ஆட்டமே இல்லாமல் மெல்ல அடங்கி நிற்கும். கலப்பெண்களாக வந்தால் ஆடி ஆடி அடங்கும். மெய்ப்பகுதி −1, கற்பனைப் பகுதி 2 என்று வந்தால், அந்த −1 ஆட்டத்தின் வீச்சு எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பதைச் சொல்கிறது. 2 எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதைச் சொல்கிறது. கற்பனை என்று பெயர் சூட்டிய எண் கண்ணெதிரே ஓர் எடையை ஆட்டுகிறது. பதினேழு வயதில் இதைக் கண்டுகொண்ட பிள்ளை பல்கலைக்கழகத்தில் பொறியியலோ இயற்பியலோ படிக்கப் போகும்போது, முதலாண்டுக் கணக்கு வகுப்பு அதற்குப் பழகிய தெரு. காணாத பிள்ளைக்கு அதே வகுப்பில் எல்லாமே புதிது, நேரமும் குறைவு.

ஏ லெவல் தேர்வு 1951இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் தூய கணிதம் ஒரு பாடம், பயன்பாட்டுக் கணிதம் மற்றொரு பாடம் என்று எடுக்கும் வழக்கமும் இருந்தது. இலங்கைத் தமிழருக்கு இது பழகிய ஏற்பாடு. அங்கே உயர்தரத்தில் தூய கணிதம், பிரயோக கணிதம் என இரண்டு பாடங்கள் இருந்து, 2000ஆம் ஆண்டையொட்டிப் பாடங்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தபோது இணைந்த கணிதம் என்ற ஒரே பாடமாயின. யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவு படித்துவிட்டு இன்று ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ பிள்ளை வளர்க்கும் தாய் தந்தையர், கணிதப் பிரிவு இருக்கும் பள்ளியில் முழுக் கணிதமும் இருக்கும் என்ற அனுபவத்தோடு வந்தவர்கள். இங்கிலாந்தில் அந்த அனுபவம் உதவாது.

ஏன் உதவாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினாறு, பதினேழு வயது மாணவர் ஒருவருக்கு இங்கிலாந்து அரசு கொடுத்த அடிப்படைத் தொகை 2013 முதல் 2020 வரை ஆண்டுக்கு 4,000 பவுண்ட். ஏழு கல்வியாண்டுகள் அது ஒரு பென்னிகூட உயரவில்லை. விலைவாசி உயர்ந்துகொண்டே போனது. மாணவர் நான்கு பாடம் எடுக்கிறார், நிர்வாகச் செலவு எதுவும் கிடையாது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பாடத்துக்கு 1,000 பவுண்ட். ஓர் ஆசிரியருக்காகப் பள்ளி ஆண்டுக்கு 50,000 பவுண்ட் செலவிடுகிறது, அவர் வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்பெடுக்கிறார் என்றும் கொள்வோம். மேற்கணிதத்துக்கு வாரம் 5 மணி நேரம் என்றால் அந்த வகுப்பின் விலை 12,500 பவுண்ட். பதின்மூன்று மாணவர் இருந்தால் கட்டுப்படியாகும். ஐந்து பேர் இருந்தால், பற்றாக்குறை 7,500 பவுண்டை வரலாற்று வகுப்போ உளவியல் வகுப்போதான் சுமக்க வேண்டும். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள்தாம். கொஞ்சம் மாற்றிப் போட்டாலும் விடை பெரிதாக மாறாது.

மேல்வகுப்பில் மொத்தமே நூற்றைம்பது, இருநூறு பேர் இருக்கும் பள்ளியில் மேற்கணிதம் கேட்பவர்கள் மூன்று பேரோ ஐந்து பேரோதான். தலைமையாசிரியர் என்ன செய்வார்? சில பள்ளிகள் பாடத்தை நீக்கியேவிடுகின்றன. சில, பள்ளி முடிந்தபின் மாலையில், பாதி நேரத்தில் நடத்துகின்றன. சில, 12ஆம் ஆண்டுப் பிள்ளைகளையும் 13ஆம் ஆண்டுப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைக்கின்றன. இன்னும் சில, பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்துகொண்டு பிள்ளைகளைப் பேருந்தில் அனுப்புகின்றன. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஐந்து பேரும் அதே தேர்வைத்தான், முழுநேரம் படித்தவர்களோடு சேர்ந்து எழுதுகிறார்கள்.

இந்தச் சிக்கலுக்கு விடை அறுபதுகளிலேயே கண்டறியப்பட்டது. தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் தெரிவுப் பள்ளிகளைக் கைவிட்டு எல்லோருக்கும் பொதுவான பள்ளிகளை அமைக்கும்படி 1965இல் அரசு உள்ளூராட்சிகளைக் கேட்டுக்கொண்டது. அதுவரை தெரிவுப் பள்ளிகளில் குவிந்திருந்த பதினாறு, பதினெட்டு வயது மாணவர்கள் பல பள்ளிகளுக்குச் சிதறும் நிலை வந்தது. ஒரு நகரத்தின் மேல்வகுப்பு மாணவரையெல்லாம் ஒரே நிறுவனத்தில் சேர்த்தால் என்ன என்ற யோசனை அப்போது வலுப்பெற்றது. 1966இல் லூட்டனில் தொடங்கிய சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியை இவ்வகையில் முதலாவது என்பார்கள். கேம்பிரிட்ஜில் ஆண்களுக்கான பழைய தெரிவுப் பள்ளி ஒன்று 1974இல் ஹில்ஸ் ரோடு கல்லூரியாக மாறியது. ஆயிரம், இரண்டாயிரம் மாணவர் சேரும் இந்தக் கல்லூரிகளில் மேற்கணிதத்துக்கு ஒரு வகுப்பு என்ன, இரண்டு மூன்று வகுப்புகள் நிரம்பும். இயக்கவியலுக்கு ஒருவர், புள்ளியியலுக்கு ஒருவர் என்று ஆசிரியர்களும் கிடைப்பார்கள்.

அளவு தரும் நன்மை பணத்தோடு நிற்பதில்லை. இரட்டைக் கணிதக்காரர்களுக்கென்று தனி வகுப்பு அமைந்துவிட்டால் பாடங்களை நினைத்த வரிசையில் நடத்தலாம். முதலாண்டிலேயே ஏ லெவல் கணிதம் முழுவதையும் முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டை மேற்கணிதத்துக்கு ஒதுக்கும் கல்லூரிகள் உண்டு. இரண்டையும் இணையாகக் கொண்டுபோகும் கல்லூரிகளும் உண்டு. எது மேல் என்பதில் ஆசிரியர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் நடக்கிறது. இணையாகக் கற்பிக்கும்போது பாடம் ஊற இரண்டாண்டு கிடைக்கிறது என்பதால் எனக்கு அதுவே சரியென்று படுகிறது. கணக்கு ஊற நேரம் கேட்கும் பாடம். சிறிய பள்ளியில் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை: அங்கே மேற்கணிதக்காரர்கள் மற்றவர்களோடு ஒரே கணித வகுப்பில் இருப்பார்கள், வரிசையை அந்த வகுப்பே முடிவுசெய்யும்.

இவ்வளவு பயனுள்ள அமைப்பை இங்கிலாந்து எப்படி நடத்தியது என்பது வருத்தமான கதை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் இக்கல்லூரிகள் உள்ளூராட்சியின் பொறுப்பிலிருந்து பிரிந்து 1993 ஏப்ரலில் தனி நிறுவனங்கள் ஆயின. அதன் பக்கவிளைவாக, பள்ளிகள் திரும்பப் பெறும் மதிப்புக்கூட்டு வரியை இவற்றால் திரும்பப் பெற முடியவில்லை. அதே மாணவர், அதே பாடம், அதே தேர்வு. வாங்கும் மேசை நாற்காலிக்குக் கல்லூரி மட்டும் வரி கட்டியது. அகாடமி என்ற பள்ளி வகையாக மாறிக்கொள்ளலாம், மாறினால் வரி திரும்பக் கிடைக்கும் என்ற வழி 2015 இறுதியில்தான் திறந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நூறுக்கு மேல் இருந்த கல்லூரிகளில் பல இதற்கிடையே வேறு நிறுவனங்களோடு இணைந்துபோயின.

மேற்கணிதம் ஒருமுறை அழிவின் விளிம்புக்கே போய்த் திரும்பியிருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஏ லெவலை ஆறு கூறுகளாக வெட்டி, முதலாண்டு முடிவில் ஏ.எஸ். என்ற தேர்வை வைத்தது. கணிதத்தில் ஒரே ஆண்டுக்குள் திணித்த பாடம் அளவுக்கு மீறியது. 2001 கோடையில் ஏ.எஸ். கணிதம் எழுதியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தேறவில்லை. பயந்த மாணவர்கள் பாடத்தை விட்டு ஓடினார்கள்: 2001இல் சுமார் 66 ஆயிரமாக இருந்த ஏ லெவல் கணித எண்ணிக்கை மறு ஆண்டே சுமார் 54 ஆயிரமானது. அந்த ஆண்டுகளில் மேற்கணிதம் எழுதியவர்கள் ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. பேராசிரியர் ஏட்ரியன் ஸ்மித் 2004இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இந்த நிலையை ஒளிவுமறைவில்லாமல் சொன்னது.

மீட்சி இரண்டு வழிகளில் வந்தது. 2004இல் தூய கணிதப் பகுதியை மூன்று கூறுகளிலிருந்து நான்காகத் தளர்த்தினார்கள். மேற்கணிதத்தின் முதலாண்டுப் பகுதியும் நடுத்தர மாணவருக்கு எட்டும்படி அமைந்தது. மற்றொரு வழி இதைவிடச் சுவையானது. 1963இல் ஆசிரியர்களும் தொழில்துறையினரும் சேர்ந்து தொடங்கிய எம்.இ.ஐ. என்ற அமைப்பு, தன் பள்ளியில் மேற்கணிதம் இல்லாத மாணவருக்கு வெளியிலிருந்து பாடம் சொல்லித்தரும் சோதனையை கேட்ஸ்பி அறக்கட்டளையின் பணத்தோடு 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. 2005இல் அரசே பணம் கொடுத்து அதை நாடளாவிய வலையமைப்பாக்கியது. இணையவழி வகுப்பு, வட்டார மையத்தில் மாலை வகுப்பு, இந்தப் பாடத்தைத் தொட்டே பார்த்திராத ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று வேலை விரிந்தது. 2015 வாக்கில் மேற்கணிதம் எழுதுவோர் 15 ஆயிரத்தை ஒட்டி வந்துவிட்டார்கள். பத்தாண்டில் இரண்டரை மடங்கு. ஆங்கிலேயக் குழந்தைகளின் மூளை அந்தப் பத்தாண்டில் இரண்டரை மடங்கு வளர்ந்திருக்க வழியில்லை. பாடம் போய்ச் சேர்ந்த இடங்கள் பெருகின. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

2017 திட்டம் ஏ.எஸ். தேர்வை ஏ லெவலிலிருந்து பிரித்தது. நான்கு பாடத்தில் தொடங்கி ஒன்றை நடுவில் விடும் பழக்கம் மங்கி, மூன்றே பாடம் என்பது வழக்கமானது. இரட்டைக் கணிதம் எடுப்பவருக்கு மீதி ஒரே இடம்தான். அதில் இயற்பியல் உட்கார்ந்துவிட்டால் வேதியியலுக்கோ பொருளியலுக்கோ நாற்காலி இல்லை. அரசு இதை உணர்ந்து, கணிதம் படிப்போர் கூடினால் கூடிய ஒவ்வொருவருக்கும் 600 பவுண்ட் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. ஏற்கெனவே நிறையப் பேருக்குக் கற்பித்துவந்த கல்லூரிக்கு அதில் கிடைப்பது சொற்பம். கூட்டிக் காட்ட முடிந்த இடத்துக்கே பணம். புதிய கணிதத் தாள்கள் வேறு மிரட்டின. 2019இல் எடெக்ஸல் வாரியத்தின் ஏ லெவல் கணிதத்தில் 300க்கு 165 எடுத்தவருக்கே ஏ தரம் கிடைத்தது. நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் கணக்கு என்று வளர்ந்த நமக்கு நூற்றுக்கு ஐம்பத்தைந்து எடுத்தால் ஏ தரம் என்பது விசித்திரம். ஆனால் பார்த்திராத கேள்வியோடு முட்டிமோத வைக்கும் தாளுக்கு அது நியாயமான எல்லைதான்.

அந்த முட்டிமோதலின் உச்சம் ஸ்டெப் தேர்வு. மேற்கணிதம் எழுதுவோரில் பாதிக்கு மேல் ஏ அல்லது ஏ ஸ்டார் வாங்கிவிடுகிறார்கள். ஏ ஸ்டார் மட்டுமே கால்வாசிக்கு மேல். இவர்களுக்குள் யாரைத் தேர்வது என்று கேம்பிரிட்ஜுக்குத் தெரிய வேண்டும். அதற்காக 1987 முதல் நடக்கும் தேர்வு இது. மூன்று மணி நேரம், பன்னிரண்டு கேள்விகள், அவற்றில் சிறந்த ஆறு விடைகளுக்கு மட்டும் மதிப்பெண். ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டாலும், முதல் பத்து நிமிடம் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருப்பது இங்கே தவறில்லை. இதற்குப் பயிற்சி தர ஓர் ஆசிரியர் வேண்டும், சேர்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள நாலைந்து நண்பர்கள் வேண்டும். பெரிய கல்லூரியில் இரண்டும் உண்டு. தனித்துவிடப்பட்ட மாணவருக்காகவே கேம்பிரிட்ஜ் இணையத்தில் இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது. 2019இல் மறைந்த ஸ்டீவன் சிக்லோஸ் இந்தத் தேர்வுக்காக எழுதிய கணக்குப் புத்தகமும் இலவசமாகக் கிடைக்கிறது. இவை பெரிய உதவி. நண்பர்களை மட்டும் இணையம் இன்னும் சரியாகத் தரவில்லை.

ஆக்ஸ்ஃபோர்ட் கணிதப் பட்டத்துக்கு மேற்கணிதத்தைக் கட்டாயமாக்கவில்லை. இருந்தால் மிக நல்லது என்கிறது. கேம்பிரிட்ஜும் இம்பீரியலும் கேட்கின்றன. அப்படியானால் பள்ளியில் பாடம் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கதவு பதினாறு வயதிலேயே பாதி சாத்தப்பட்டுவிடுகிறது. அப்போது அந்தப் பிள்ளைக்கு அது தெரியவும் தெரியாது.

மேற்கணித அறைக்குள் பெண் பிள்ளைகள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏ லெவல் கணிதத்திலேயே அவர்கள் பத்துக்கு நான்கு பேரை எட்டவில்லை. மேற்கணிதத்தில் பத்துக்கு மூன்றுகூட இல்லை. ஐந்து பேர் வகுப்பில் ஒரே பெண்ணாக இருப்பதும் இருபது பேர் வகுப்பில் ஐந்தாறு பெண்களில் ஒருத்தியாக இருப்பதும் ஒன்றல்ல. இதற்கான காரணங்கள் பதினாறு வயதுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகின்றன. கல்லூரியின் அளவு அவற்றைத் தீர்க்காது. ஒருத்தி தனித்துப்போவதை வேண்டுமானால் தடுக்கும்.

அரசியல்வாதிகளின் கண் அண்மைக் காலத்தில் வேறொரு பக்கம் போயிருக்கிறது. மாஸ்கோவில் 1963இல் தொடங்கிய கோல்மகோரவ் பள்ளியை முன்மாதிரியாகக் கொண்டு, பல்கலைக்கழகங்களோடு இணைந்த தனிக் கணிதப் பள்ளிகள் எழும்புகின்றன. 2014இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பள்ளியும் எக்ஸிட்டர் பள்ளியும் தொடங்கின. லிவர்பூல், லங்காஸ்டர் முதலியவை பின்தொடர்ந்தன. அருமையான இடங்கள். தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் வாரநாட்களில் தங்கிப் படிக்க எக்ஸிட்டரில் வசதி உண்டு. ஆனால் லண்டன் பள்ளி ஆண்டுக்குச் சேர்ப்பது நூறு பேரைக்கூட எட்டாது. இப்படிப் பத்துப் பள்ளி வந்தாலும், பதினெட்டாயிரத்தில் அவற்றின் பங்கு ஒரு விளிம்புதான். திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் இல்லாமல் ஊர் ஊராக இதே வேலையைச் செய்துவருபவை சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகள். ஒரு புதிய கணிதப் பள்ளிக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை, மேற்கணிதம் இல்லாத வட்டாரங்களில் இருக்கும் கல்லூரிகள்மீது காட்டியிருந்தால் கூடுதல் பிள்ளைகள் பயன்பெற்றிருப்பார்கள் என்பதே என் முடிவு.

கணித ஆசிரியர் பற்றாக்குறை இத்தனைக்கும் அடியில் ஓடுகிறது. பயிற்சிக்கு இத்தனை பேர் வேண்டும் என்று அரசே வைக்கும் இலக்கு, பத்தாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலான ஆண்டுகளில் எட்டப்படவில்லை. வரும் சிலரில் மேற்கணிதம் நடத்தத் துணிபவர் இன்னும் குறைவு.

இங்கிலாந்தில் இந்த வயதுப் பிள்ளை உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 11ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் கல்லூரிகளும் பள்ளிகளும் கதவைத் திறந்து வரவேற்கும் மாலைகளில், தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். மேற்கணித வகுப்பில் இப்போது எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பகல் நேர அட்டவணையில் இருக்கிறதா மாலையில் தள்ளப்பட்டதா, நடத்துபவர்கள் எத்தனை பேர், போன ஆண்டு தொடங்கியவர்களில் எத்தனை பேர் தேர்வுவரை வந்தார்கள் என்று கேளுங்கள். பதில் தயங்கித் தயங்கி வந்தால், பேருந்தில் அரை மணி நேரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, அடுத்த ஊர்க் கல்லூரியையும் போய்ப் பாருங்கள்.